எந்த ‘வரேன்’?

இந்த நிறுவனத்தில் சேர்ந்தபோது எனக்கு வயது நாற்பத்தெட்டு. அதற்கு முன் கிண்டியில், மத்திய அரசுக்குச் சொந்தமான தொழிற்சாலை ஒன்றின் பணியாளர் துறையில் துணை மேலாளராக இருந்தேன். பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவன். தொழிலாளர் சட்டத்தில் பட்டயமும் உண்டு. வேலைநிறுத்தங்களை நிர்வாகத்தின் சார்பில் உட்கார்ந்து பேசி முடித்திருக்கிறேன். தொழிற்சங்கத் தலைவர்கள் என்னை வாயிற்கூட்டங்களில் திட்டியதுண்டு. ஆனால் சொன்ன சொல்லை மாற்றிக்கொண்டேன் என்று அவர்களில் ஒருவரும் என்னைச் சொன்னதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கணிப்பொறி நிறுவனம் என்னை அழைத்தது என்றால், வேலை தேடி அலைந்தவனுக்குக் கிடைத்த புகலிடமாக அதை நீங்கள் எண்ணிவிடக் கூடாது. அவர்கள் கேட்டு அழைத்தார்கள்; நான் யோசித்து வந்தேன்.

பணியாளர் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னை எழுதச் சொன்னது, ஊழியர்களின் கிரீன் கார்டு விண்ணப்பங்களைக் கையாள்வது பற்றி. படிவங்களை நிரப்பும் முறை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். விதிகளும் அன்றிருந்தவை அல்ல. ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு மாலைப்பொழுதில் எங்கள் இயக்குநர் எடுத்த ஒரு முடிவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முப்பது ஆண்டுக்கும் மேற்பட்ட என் பணிக்காலத்தில் அதற்கு இணையாக இன்னொன்றை நான் பார்க்கவில்லை.

நிதியையும் சட்டத்தையும் கவனித்துவந்த அந்த இயக்குநரை எல்லோரும் மேடம் என்றே அழைத்தோம். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். அவர் என்னைவிடப் பல ஆண்டுகள் இளையவர். ஒரு பெண்மணியின் கீழ் பணியாற்றுவது எனக்குப் புதிது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவர் கவனிக்கத் தவறவில்லை. முதல் நாளே சொன்னார்: “சார், வயசுல நீங்க சீனியர். ஆனா கையெழுத்து என்னுது. அதனால ரெண்டு பேருமே ஜாக்கிரதையா இருக்கணும்.” அன்றே அவர்மீது மதிப்பு உண்டாயிற்று என்று பொய் சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. தியாகராய நகரில் ஜவுளிக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த எங்கள் அலுவலகம் அடையாற்றுக்கு மாறிய பிறகு, ஒரே அறைத் தடுப்புக்கு இருபுறமும் நாங்கள் உட்கார நேர்ந்தது. அவர் தொலைபேசியில் பேசுவது எனக்குக் கேட்கும். ஒருவரிடம் ஒன்று, மற்றவரிடம் வேறொன்று என அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பொறியாளர்கள் ஆறு ஆண்டுக்கு மேல் நீட்டிக்க முடியாத தற்காலிக விசாவில் அமெரிக்கக் கிளைக்குப் போவார்கள். அங்கேயே நிலைத்திருக்க விரும்பினால் கிரீன் கார்டு வேண்டும். அதற்கு நிறுவனம் முன்நிற்க வேண்டும். ‘இந்த வேலைக்கு அமெரிக்கரில் ஆள் கிடைக்கவில்லை’ என்று அந்நாட்டுத் தொழிலாளர் துறையிடம் நிறுவனம் சான்று பெறுவது முதற்படி. எல்லோர் வாயிலும் அதற்குப் பெயர் ‘லேபர்’. அது கைக்கு வரவே சில ஆண்டுகள் ஆகும். அதற்குப் பிறகும் படிகள் உண்டு. கடைசிப் படி தாண்டும் வரையில் ஊழியர் நிறுவனத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். கை நழுவினால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார்.

நிறுவனமே மறைந்துவிடுவதும் உண்டு. ஈக்காட்டுத்தாங்கலில் எங்களைப் போலவே ஆள் அனுப்பிவந்த சிறு நிறுவனம் ஒன்று ஒரு நாள் கதவைப் பூட்டிவிட்டது. அங்கிருந்த இருவர் என்னிடம் வந்து, பாதியில் நிற்கும் தங்கள் விண்ணப்பங்களை எங்கள் நிறுவனம் தொடர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லும் பொறுப்பு என்னுடையதாயிற்று. அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.

இன்னொரு ஆபத்தும் இருந்தது. அது யார் கண்ணிலும் படாதது. கிடைத்த ‘லேபர்’ ஊழியருக்குச் சொந்தமல்ல, நிறுவனத்துக்குச் சொந்தம். உரிய தகுதியுள்ள இன்னொருவர் இருந்தால், முதலாமவருக்குப் பதிலாக அவர் பெயரைச் சேர்த்து நிறுவனம் மேலே கொண்டுபோகலாம். முதலாமவரின் சம்மதம் தேவையில்லை. பின்னாளில் அமெரிக்க அரசே அந்தக் கதவை அடைத்துவிட்டது. அன்று அது திறந்திருந்தது.

எங்கள் பொறியாளர்களில் முரளி என்று ஒருவர். மயிலாப்பூரில் குளத்துக்கு அருகே பல தலைமுறையாக வசிக்கும் குடும்பம். நியூஜெர்சிக்குப் போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தபோது அவருடைய ‘லேபர்’ கிடைத்தது. அவர் தாயார் ஒரு டப்பாவில் திரட்டுப்பாலோடு அடையாறு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

“முரளிக்கு லேபர் வந்துடுத்துன்னு பக்கத்தாத்து மாமிகிட்ட சொன்னேன். ‘பிரசவ வலி அவனுக்கு ஏன்டி வரது? நாட்டுப்பொண்ணுக்குன்னா வரணும்!’ங்கறா. நாட்டுப்பொண்ணுக்கு எப்பவோ ஆயாச்சு, கொழந்தை ஸ்கூலுக்குப் போறதுன்னு சொல்லிப் புரியவெக்கறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கிடுத்து.”

மேடம் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சில மாதங்களில் முரளியின் தந்தைக்கு மாரடைப்பு வந்து, மயிலாப்பூரில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்தச் சமயத்தில் எங்கள் அமெரிக்கக் கிளை மேலாளர் சென்னைக்கு வந்திருந்தார். அவர் திறமையானவர், கெட்ட மனிதர் அல்லர். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். மருத்துவமனைக்குப் போய் முரளியின் தந்தையைப் பார்த்தார். அங்கிருந்து திரும்பியதும் நியூஜெர்சிக்குத் தொலைபேசியில் முரளியை அழைத்துப் பேசினார். மறுநாள் மாலை மேடத்தின் அறைக்கு வந்து உட்கார்ந்தார். என்னையும் அழைத்தார்கள்.

“முரளி வந்துடறானாம் மேடம்,” என்றார் மேலாளர். “ஒரேயடியா. அப்பாவைப் பாத்துக்கணும் இல்லையா, ஒரே பையன். பாவம்தான். ஆனா அவனோட லேபர் சும்மா கிடக்கும். அதுல செல்வம் பேரைப் போட்டுடலாம்.”

செல்வம் சைதாப்பேட்டை ஆற்றங்கரைக் குடியிருப்பிலிருந்து படித்து வந்த பொறியாளர். முரளிக்கும் அவருக்கும் ஒரே வேலை, ஒரே தகுதி. செல்வத்தின் ஆறு ஆண்டு முடிய இன்னும் ஆறு மாதம்கூட இல்லை. அவருக்கென்று போட்ட விண்ணப்பம் தொழிலாளர் துறையில் எங்கோ அடியில் கிடந்தது. அவர் திரும்ப நேர்ந்தால், எங்களுடைய மிகப்பெரிய வாடிக்கையாளரின் வேலை நின்றுபோகும் என்பது மேலாளரின் கவலை. பொய்க் கவலை அல்ல.

“நாளைக்கு ராத்திரி எனக்கு ஃப்ளைட். நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா கையோட எடுத்துட்டுப் போயிடுவேன்,” என்றார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். “சட்டப்படி தடையில்லை மேடம்,” என்றேன். நான் சொன்னது அன்று சரி. இன்றைக்குக் கேட்டாலும் அன்றைய சட்டத்துக்கு அதுதான் பதில்.

பேனா அவர் கையில் இருந்தது. மூடியைக் கழற்றவில்லை.

“முரளி என்ன சொன்னான்? நீங்க புரிஞ்சிக்கிட்டதை சொல்லாதீங்க. அவன் வாயில வந்த வார்த்தை என்ன?”

மேலாளர் சற்று யோசித்தார். “அப்பாவைப் பாத்தேன், எப்பப்பா வர்றேன்னு கேட்டேன். லைன் சரியா இல்ல. நாம பேசறது போய்ச் சேர்ந்து அவன் பேசறது வர்றதுக்குள்ள ஒரு நிமிஷம் ஆகுது. ‘பாக்கணும் சார்’னான். அப்புறம் ‘சரி சார், வரேன்’னான். அதோட கட் ஆயிடுச்சு.”

“எந்த ‘வரேன்’?”

“புரியல மேடம்.”

“இப்ப இந்த ரூமை விட்டு வெளிய போறப்போ எங்கிட்ட என்ன சொல்லுவீங்க?”

“வரேன்னு சொல்லுவேன்.”

“அப்ப திரும்ப வந்து நிப்பீங்களா? நான் காப்பிக்குச் சொல்லி வெக்கணுமா?”

மேலாளர் வாய் திறந்தபடி இருந்தார். அந்த வயது வரையில் நாள்தோறும் பலமுறை நான் சொல்லிவந்த சொல் அது. விடைபெறும்போது ‘போகிறேன்’ என்பதை நாக்கு ஒப்புவதில்லை, ‘வருகிறேன்’ என்போம். அதே சொல், வந்துசேர்வதற்கும் அதுவே. ஆங்கிலத்தில் பேசியிருந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. ஒரு தமிழர் இன்னொரு தமிழரிடம் தமிழில் பேசியதால் நேர்ந்த ஆபத்து இது.

அப்போது மணி ஏறக்குறைய ஆறு. நியூஜெர்சியில் வேலைக்குப் புறப்படும் காலைநேரம். மேடம் முரளியின் வீட்டுக்கே அழைப்புப் போடச் சொன்னார். ஒலிபெருக்கியுள்ள தொலைபேசி மேசை நடுவில் இருந்தது. வெளியே பணிமனைக்குள் திரும்பும் பேருந்துகளின் சத்தத்துக்காக எழுந்து சன்னலைச் சாத்தினேன்.

“முரளி, நீ சென்னைக்கே திரும்பி வந்துடறதா இங்க பேச்சு. அப்படியா?”

எங்கள் கேள்வி கடல் தாண்டிப் போய்ச் சேரும் வரை இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, “யார் சொன்னா மேடம்?” என்றார். அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை. “அக்கா அடையாறுலதான் இருக்கா, அவதான் அப்பாவைப் பாத்துக்கறா. நான் ரெண்டு வாரம் லீவுல வந்து பாத்துட்டுப் போகலாமான்னு யோசிச்சிண்டிருக்கேன். அவ்வளவுதான்.”

“நேத்து சார்கிட்ட ‘வரேன்’னியாமே?”

“மீட்டிங்குக்குக் கூப்பிட்டுட்டா மேடம். போனை வெக்கறச்சே சொன்னேன். வேற என்ன சொல்றது? அப்பா ஆஸ்பத்திரில படுத்திண்டிருக்கறச்சே ‘போறேன்’னா சொல்ல முடியும்?”

மேலாளர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். அத்துடன் விவகாரம் முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மேலாளர் தொலைபேசியின் ஒலிவாங்கியை அமர்த்திவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்:

“மேடம், தப்பா கேட்டது நான்தான். ஒத்துக்கறேன். ஆனா முரளிக்கு இன்னும் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கையில இருக்கு. அவனுக்குப் புதுசா ஒண்ணு போடலாம். செல்வத்துக்கு டைமே இல்ல. அவன் போயிட்டா கிளையண்ட் போயிடும். கிளையண்ட் போனா அங்க இருக்கற நம்ம ஆளுங்க எல்லாரும் பெட்டியைக் கட்டணும். முரளியும் சேர்த்துத்தான்.”

இளைய நண்பர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். இதுவரை நடந்தது ஒரு தவறான புரிதல். கூர்மையான காது உள்ள எவரும் அதைத் திருத்திவிடலாம். இனிமேல்தான் முடிவு எடுக்க வேண்டியிருந்தது. மேலாளர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சட்டம் அவர் பக்கம். நிறுவனத்தின் லாபமும் அவர் பக்கம். மறுபக்கத்தில் இருந்தவர் முரளி ஒருவர் மட்டுமே. புதிதாகப் போடும் விண்ணப்பம் இரண்டு ஆண்டுக்குள் கைக்கு வராது என்பது அந்த அறையில் இருந்த மூவருக்கும் தெரியும்.

“செல்வத்துக்குத் தெரியுமா, இது யாரோடதுன்னு?” என்று கேட்டார் மேடம்.

“உனக்கு ஒரு லேபர் ரெடியா இருக்குன்னு மட்டும் சொல்லியிருக்கேன்.”

“ஏன் முழுசா சொல்லல?”

மேலாளர் கையிலிருந்த விண்ணப்பத் தாள்களை அடுக்கினார். தொலைபேசியில் அந்தப் பக்கம் ஒரு காரின் ஒலிப்பான் நீளமாக அடித்தது. மேடம் ஒலிவாங்கியைத் திறந்தார்.

“என்ன சத்தம் முரளி?”

“செல்வம் மேடம். அவன் கார்லதான் ரெண்டு பேரும் ஆபீஸ் போறோம். லேட்டானா இப்படித்தான் ஊரைக் கூட்டுவான்.”

“மேல வரச் சொல்லு. போனை ஸ்பீக்கர்ல போடு.”

மேலாளர் தலையை அசைத்து வேண்டாம் என்றார். மேடம் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டார். “ரெண்டு பேருக்கும் ஒண்ணா சொல்லிடறேன்,” என்றார் எங்களிடம். “தனித்தனியா சொன்னாதான் ஆளுக்கு ஒரு அர்த்தம் வரும்.”

செல்வத்தின் குரல் வந்தது. “வணக்கம் மேடம். இவன் டெய்லி லேட்டு மேடம், நான்தான் மாட்டிக்கினு முழிக்கிறேன்.”

மேடம் எதையும் சுற்றி வளைக்கவில்லை. உனக்கென்று சொல்லப்பட்டது முரளியின் ‘லேபர்’; சட்டப்படி நிறுவனம் அதை உனக்கு மாற்றலாம்; மாற்றினால் முரளி முதலிலிருந்து தொடங்க வேண்டும்; மாற்றாவிட்டால் உன் காலம் முடிகிறது. இவ்வளவையும் ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார். பிறகு எங்களுக்காக அல்லாமல் அவர்களுக்குள் பேசிக்கொண்டது கேட்டது.

“மச்சி, உன் லேபராடா? உனுக்குத் தெரியுமா?”

“இப்பதான்டா தெரியும். சத்தியமா.”

“நல்லா கீதுடா கதை.” பிறகு நேராகத் தொலைபேசியில்: “மேடம், தப்பா நெனைக்காதீங்க. ஒண்ணு கேக்கறேன். இன்னிக்கு அவன்துல என் பேரைப் போடுவீங்கோ. நாளைக்கு என்னுதுல எவன் பேரைப் போடுவீங்கோ?”

மேடம், “கேட்டது சரிதான்,” என்றார்.

“எனுக்கு வாணாம் மேடம். இவன் லேபரை எடுத்துக்கினு இவனையே டெய்லி கார்ல ஏத்திக்கினு போறது நம்மால ஆவாது. டைம் முடிஞ்சா நான் வரேன்.”

“எந்த ‘வரேன்’ செல்வம்?”

அவருக்கு முன்கதை தெரியாது. ஆனாலும் தடுமாறவில்லை. “பொட்டி கட்டிக்கினு வர்ற ‘வரேன்’ மேடம். வேற இன்னா?”

மேடம் பேனாவைப் பைக்குள் போட்டார்.

வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வது என்று மேலாளர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்காவுக்கு வெளியே ஓராண்டு இருந்துவிட்டால் தற்காலிக விசாவின் ஆறு ஆண்டு புதிதாகத் தொடங்கும் என்பதை நான் நினைவூட்டினேன். “அப்ப அந்த ஒரு வருஷம் இங்க உக்காந்து அதே வேலையைப் பண்ணுவான்னு சொல்லுங்க,” என்றார் மேடம். “ஒத்துக்கலன்னா என்கிட்ட பேசச் சொல்லுங்க.” வாடிக்கையாளர் தரப்பினர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. மேடத்திடம் பேசினார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் அது எளிதான பேச்சு அல்ல.

இயக்குநர் குழுவில் இது கேள்வியாக எழுந்தது. நிறுவனத்தின் மிகப்பெரிய ஒப்பந்தத்தைப் பணயம் வைக்க யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று ஒருவர் கடிந்து பேசினார். நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். மேலாளர் தவறாகக் காதில் வாங்கியதை மேடம் சொல்லியிருந்தால் அவையின் கோபம் அந்த மனிதர்மேல் போயிருக்கும். அவர் சொல்லவில்லை. “லேபர் நம்மளுது. அதுக்காக அந்த ஆளு காத்துக்கிட்டிருந்த வருஷங்கள் நம்மளுது இல்ல. முடிவு என்னுது,” என்று மட்டும் சொன்னார். அபிராமபுரத்திலுள்ள என் வீட்டுக்கு அன்று நடந்தே போனேன். சொன்ன சொல்லை மாற்றாதவன் என்று நான் என்னைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன் அல்லவா? சொல்லாமல் விட வேண்டிய சொல்லை விடுவதும் அதே அளவு கடினம் என்பதை அன்று கண்டேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது அதிகமில்லை. ஊழியர் போகிறார், வருகிறார், விலகுகிறார் என்று எவர் வந்து சொன்னாலும், அந்த ஊழியர் வாயிலிருந்து கேளுங்கள். ஒருவருடையதை மற்றவருக்குக் கொடுக்கும் அதிகாரம் உங்கள் கைக்கு வந்தால், பெறுபவரிடம் அது யாருடையது என்று சொல்லிவிடுங்கள். சொல்லத் தயங்குகிறீர்கள் என்றால், உங்கள் மனம் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. சட்டம் இடம் கொடுக்கிறது என்பது, சட்டத்தை யாராவது கேட்டால் சொல்ல வேண்டிய பதில். முடிவு அதற்குப் பிறகு எடுக்கப்படுவது.

முரளிக்குக் கிரீன் கார்டு கிடைத்தது. அவர் தந்தை உடல் தேறி, திரட்டுப்பால் டப்பாவோடு மனைவியுடன் அவரும் அலுவலகத்துக்கு வந்தார். இந்த முறை ‘லேபர்’ என்ற சொல்லை வீட்டில் யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று தடை போட்டிருப்பதாக அம்மையார் சொன்னார். செல்வம் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறைக்கு மேல்மாடியில் எடுத்திருந்த எங்கள் கூடுதல் அலுவலகத்தில் ஓராண்டு உட்கார்ந்து வேலை செய்தார். கீழே கடைசல் எந்திரங்கள் ஓடும்போது மேசை அதிரும். ஒரு நாளும் புகார் சொன்னதில்லை. பிறகு புதிய விசாவில் போனார். அவர் பெயருக்கென்று போட்ட விண்ணப்பத்தில் அவர் பெயரே கடைசி வரை இருந்தது.

அண்மையில் நிறுவனத்தின் விழா ஒன்றில், இந்தக் கதையை மேடையில் ஒருவர் வேறுவிதமாகச் சொல்லக் கேட்டேன். முரளி வேலையை விட்டுவிட்டுப் பிறகு கெஞ்சினார், மேடம் இரக்கப்பட்டார், செல்வத்தை நிறுவனம் திருப்பி அழைத்துக்கொண்டது என்றார். அவை நாகரிகம் கருதி அன்று எழுந்து மறுக்கவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

முரளி வேலையை விடவில்லை, கெஞ்சவும் இல்லை. மேடம் காட்டியது இரக்கம் அல்ல. செல்வத்தை யாரும் திருப்பி அழைக்கவில்லை. அவர் ‘வரேன்’ என்றார், வந்தார்.